பரிசும் பணிநீக்கமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிலடெல்பியா நகரில் உள்ள பென்சில்வேனியா சர்வகலாசாலை, ஆண்டுதோறும் இளவேனிற் காலத்திலே தன் ஆசிரியர் சிலரைத் தெரிந்தெடுத்துச் சிறந்த போதனைக்கான பரிசில்களை வழங்கி வருகின்றது. அப்பரிசில்களுள் மூத்ததும் பெயர் பெற்றதும் இலிண்ட்பாக் பரிசாகும். 1961ஆம் ஆண்டில் அது நிறுவப்பட்டது. அதற்குப் பணம் தந்த நிதியத்தை ஆக்கியவர்கள் கிறிஸ்டியன் இலிண்ட்பாக் என்பவரும் அவர் மனைவியார் மேரியும். இலிண்ட்பாக், அபட்ஸ் என்ற பால் கம்பனியின் தலைவர். அதன் பெரும் உரிமையாளரும் அவரே. தம் கம்பனியின் வியாபாரம் நடைபெற்ற பென்சில்வேனியா, நியூ ஜேர்சி, டெலவெயர், மேரிலாந்து, வேர்ஜினியா ஆகிய மாநிலங்களின் இளைஞரது கல்வியையே அந்நிதியம் முதன்மையாகக் கருத்திற் கொண்டது. எந்தக் கல்லூரியின் நல்லாசிரியன் இப்பரிசைப் பெறலாம் என்பதைப் பால்வண்டி சென்ற தடம் ஓரளவுக்கு நிர்ணயித்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

பரிசு வழங்கும் முறையைக் குறைகூற நாம் முற்படவில்லை. மாணவரும் சக ஆசிரியரும் கடிதம் எழுதி ஒருவரை முன்மொழிகின்றனர். முன்னர் பரிசு பெற்ற ஆசிரியரும் மாணவரும் அடங்கிய குழு அக்கடிதங்களை ஆராய்கின்றது. மருத்துவஞ் சார்ந்த பீடங்களிலிருந்து நால்வர், ஏனைய பீடங்களிலிருந்து நால்வர் என எண்மருக்குப் பரிசு கிடைப்பதே வழக்கம். ஈற்றில் அதனை வழங்குபவர் புரொவோஸ்ட் என்னும் உயர்பதவியினர். தன் ஆசிரியனைப் பற்றி ஒரு மாணவன் நன்றியோடு எழுதும் கடிதத்தில் உண்மை இல்லாமற் போகாது. பரிசு பெற்றோர் நல்லாசிரியர் என்பதிலும் எமக்கு ஐயமில்லை.

ஆயினும் சரித்திரத்தைப் பயில்பவனுக்குப் பரிசு பெற்றோரின் பெயர்ப்பட்டியல் மட்டும் போதாது. இலிண்ட்பாக் பரிசு பிறப்பதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னர், இதே சர்வகலாசாலையின் புரொவோஸ்டின் கையொப்பத்தோடு வேறொரு கடிதம் வெளிச்சென்றது. மாணவரின் பேரன்பைப் பெற்றிருந்த ஓர் ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பிய கடிதம் அது. ஆசிரியப்பணிக்கான கௌரவம் என்பது எங்கிருந்து வருகின்றது, எப்பொழுது வருகின்றது, யாருக்கு வராமற் போகின்றது என்பதை அறிய விரும்புவோர் இவ்விரண்டையும் ஒருங்கு வைத்தே படித்தல் வேண்டும்.

கதையைச் சற்று முன்னிருந்து தொடங்குவோம். இரும்பிலும் நிக்கலிலும் பெரும் பொருளீட்டிய ஜோசப் வார்ட்டன் என்னும் முதலாளி, 1881ஆம் ஆண்டில் ஒரு இலட்சம் டொலரை இச்சர்வகலாசாலைக்கு அளித்து வணிகத்துக்கும் நிதியியலுக்குமென ஒரு கல்லூரியைத் தோற்றுவித்தார். பணத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. உள்நாட்டுக் கைத்தொழிலைப் பாதுகாக்கும் சுங்கவரிக் கொள்கையை அங்கு போதித்தல் வேண்டும் என்பதே அந்நிபந்தனை. இரும்பு உற்பத்தியாளருக்கு அக்கொள்கை எத்துணை இனியது என்பதை விளக்க வேண்டியதில்லை. பொருளாதாரம் இன்னவாறு கற்பிக்கப்பட வேண்டும் என்று பணந் தந்தவரே முதலில் வகுத்துக்கொடுத்தார் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

1888ஆம் ஆண்டில் அங்கு பேராசிரியராக வந்தவர் சைமன் பற்றன். இவர் சுங்கவரிக் கொள்கையை ஏற்றுக்கொண்டவர்தான். அந்த வகையில் நிபந்தனைக்குப் பங்கம் நேரவில்லை. ஆனால் ஜேர்மனியிற் கற்றுவந்த பற்றன், பற்றாக்குறையின் காலம் முடிந்து மிகுதியின் காலம் பிறந்துவிட்டது என்றும், அவ்வாறாயின் வறுமை இயற்கையின் விதியாக இருக்க முடியாது என்றும் போதித்தார். வறுமை இயற்கையின் விதியன்று என்று ஓர் ஆசிரியர் கூறிவிட்டால், பின் அது யாருடைய விதி என்று கேட்கும் மாணவன் ஒருவன் தோன்றாமல் இருப்பானா?

அவ்வாறு தோன்றியவரே ஸ்கொட் நியரிங். 1883ஆம் ஆண்டில், பென்சில்வேனியாவின் மொறிஸ் றண் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரிற் பிறந்தவர். ஊரே கம்பனிக்குச் சொந்தம். கம்பனியின் அதிகாரியாக அங்கு கோலோச்சியவர் இவரது பாட்டனார். தொழிலாளரின் குடிசையையும் பாட்டனாரின் மாளிகையையும் ஒருங்கே கண்டு வளர்ந்தவர் இவர். சட்டம் கற்கச் சர்வகலாசாலைக்கு வந்து, அதில் மனஞ் செல்லாது வார்ட்டன் கல்லூரிக்கு மாறிப் பற்றனின் மாணவரானார். 1905 முதல் இரண்டாண்டுகள் பென்சில்வேனியாவின் சிறுவர் உழைப்பு எதிர்ப்புக் குழுவின் காரியதரிசியாகப் பணியாற்றினார். கண்ணாடித் தொழிற்சாலையிலும் நெசவாலையிலும் நிலக்கரி பொறுக்குமிடங்களிலும் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் வேலை செய்த காலம் அது.

அதன் பின்னர் அவர் விரிவுரையாளராகித் தம் கல்லூரியிலேயே பொருளாதாரம் போதிக்கலானார். அவர் போதித்த முறையைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். ஏனெனில் இன்று பரிசுக்கான முன்மொழிவுக் கடிதங்களில் எக்குணங்கள் புகழப்படுகின்றனவோ அவையெல்லாம் அவரிடம் இருந்தன. நூலிலுள்ள சூத்திரத்தை ஒப்புவித்தலோடு அவர் நின்றாரல்லர். பிலடெல்பியாவின் கூலி, வாடகை, உணவு விலை ஆகியவற்றையே பாடப்பொருளாக்கினார். அவரது வகுப்புகள் மண்டபம் நிறைந்தவை. பிற்காலத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்டின் ஆலோசகர் குழாத்தில் முக்கியமானவராக விளங்கிய ரெக்ஸ்ஃபர்ட் டக்வெல் அவரிடமும் பற்றனிடமும் பயின்றவரே. கல்லூரிக்கு வெளியே தொழிலாளர் கூட்டங்களிலும் பெண்கள் சங்கங்களிலும் தேவாலய மண்டபங்களிலும் நியரிங் ஓயாது பேசினார். இக்காலத்துச் சர்வகலாசாலைகள் இதனைச் 'சமூக சேவை' என்று தலைப்பிட்டு, பதவியுயர்வு விண்ணப்பத்தில் ஒரு பத்தியும் ஒதுக்குகின்றன.

1911ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழிலாளரின் கூலியைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். மாநில அரசாங்கங்களின் புள்ளிவிவரங்களையே ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்டது அது. கைத்தொழிற் பகுதிகளில் உழைக்கும் வளர்ந்த ஆண்களுள் அரைவாசிப்பேர் ஆண்டுக்கு 500 டொலருக்குக் குறைவாகவும், முக்காற்பங்கினர் 600 டொலருக்குக் குறைவாகவும் பெறுகின்றனர் என்பது அவர் கண்ட முடிபு. ஒரு குடும்பம் மானத்தோடு வாழ்வதற்கு அத்தொகை போதாது என்பதைச் சந்தை விலையைக் கொண்டே காட்டலாம். இதில் ஆவேசச் சொல் எதுவும் தேவைப்படவில்லை. கணக்குத்தான் இருந்தது. கணக்குக்கு மறுப்புக் கூறுவது கடினமாதலால், கணக்குக் கூறியவரை மௌனமாக்கும் வழி தேடப்பட்டது.

இவ்விடத்தில் தருமகர்த்தா சபையைப் பற்றிச் சில சொற்கள் கூறல் வேண்டும். கோயிற் பரிபாலனத்திலே நாம் அறிந்த இச்சொல்லை அமெரிக்கச் சர்வகலாசாலைகளின் ஆட்சிக்குழுவுக்கு வழங்குதல் பொருத்தமே. இரண்டிடத்தும் பூசை செய்பவன் ஒருவன், சாவி வைத்திருப்பவன் வேறொருவன். அக்காலத்துப் பென்சில்வேனியாத் தருமகர்த்தாக்கள் பெரும்பாலும் வங்கியாளரும் கம்பனி அதிபரும் அவர்தம் வழக்கறிஞருமாகவே இருந்தனர். நகருக்கு வாயு வழங்கிய யுனைற்றெட் காஸ் இம்புறூவ்மன்ட் கம்பனியின் செல்வாக்கு அச்சபையில் எவ்வளவு மேலோங்கியிருந்தது எனின், நாவலாசிரியர் அப்டன் சிங்கிளேயர் 1923இல் அமெரிக்கச் சர்வகலாசாலைகளைப் பற்றி எழுதிய 'கூஸ்-ஸ்டெப்' என்னும் நூலில் அச்சர்வகலாசாலையை அக்கம்பனியின் பெயராலேயே அழைத்தார். சர்வகலாசாலை மாநில சட்டசபையின் மானியத்தையும் எதிர்பார்த்து நின்றது. அச்சட்டசபையிலே சிறுவர் உழைப்புச் சட்டங்களை எதிர்த்து நின்ற ஆலை முதலாளிகளின் கை ஓங்கியிருந்தது. மானியத்துக்கும் நியரிங்கின் வாய்க்கும் முடிச்சுப் போடப்பட்டது என்று அக்காலத்திலேயே பகிரங்கமாகப் பேசப்பட்டது.

1914இல் அவர் துணைப் பேராசிரியராக உயர்த்தப்பட்டார். உயர்வு என்றுதான் பெயர், நியமனமோ ஓராண்டுக்கே. 1915இன் தொடக்கத்தில் பில்லி சண்டே என்னும் புகழ்பெற்ற பிரசாரகர் பிலடெல்பியாவுக்கு வந்து பெருங்கூட்டங்களிற் பாவமன்னிப்பைப் போதித்தபொழுது, நியரிங் அவருக்குப் பத்திரிகை வாயிலாக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். குறைந்த கூலியையும் பிள்ளைகளின் உழைப்பையும் பாவங்களாகக் கருதி அவற்றைப் பற்றியும் பேசுமாறு கேட்டார். பிரசாரகரை அழைத்தோரும் ஆலைகளை நடத்தியோரும் பெரிதும் ஒரே கூட்டத்தினரே.

அவ்வாண்டு ஆசிரியர் குழுவினர் அவரது நியமனத்தைப் புதுப்பிக்குமாறு விதந்துரைத்தனர். யூன் 14ஆந் திகதி கூடிய தருமகர்த்தா சபை அதனை நிராகரித்தது. பரீட்சைகள் முடிந்து, மாணவர் ஊர்களுக்குச் சென்று, ஆசிரியரும் விடுமுறையிற் கலைந்துபோன வேளையை அது தெரிந்தெடுத்தது. நியமன காலம் முடிவடைகின்றது, அது புதுப்பிக்கப்பட மாட்டாது என்று புரொவோஸ்ட் எட்கார் ஃபாஸ் சிமித் கடிதம் விடுத்தார். காரணம் எதுவும் கூறப்படவில்லை. காரணம் கூற வேண்டிய கடப்பாடு தமக்கில்லை என்பதே சபையினரின் நிலைப்பாடு. ஜோர்ஜ் வார்ட்டன் பெப்பர் என்னும் வழக்கறிஞர் அச்சபையின் முக்கிய உறுப்பினர். பின்னர் அமெரிக்கச் செனற் சபைக்கும் சென்றவர். ஓர் அலுவலக எழுத்தரை நீக்கும்பொழுது எசமான் விளக்கம் கூற வேண்டியதில்லை என்றால், ஆசிரியரும் அத்தகைய ஊழியர்தாமே என்ற எண்ணமே அன்று அச்சபையில் மேலோங்கி நின்றது.

சபையினர் எதிர்பார்த்த மௌனம் கிடைக்கவில்லை. நியரிங் செய்தியை நாடெங்குமுள்ள பத்திரிகைகளுக்கு அறிவித்தார். அவரது பொருளாதாரக் கருத்துகளை ஏற்காத சக ஆசிரியரும் கொதித்தெழுந்தனர். உளவியற் பேராசிரியர் லைட்னர் விட்மர் அவருள் ஒருவர். அமெரிக்காவில் முதல் உளவியற் சிகிச்சை நிலையத்தை 1896இல் அதே சர்வகலாசாலையில் அமைத்த பெரியவர் அவர். சமதர்மவாதியல்லர். ஆயினும் அவ்வாண்டே இவ்வழக்கைப் பற்றி ஒரு முழு நூலை எழுதி வெளியிட்டார். தம் பதவிக்கு ஊறு நேரலாம் என்பதை அறிந்தும் அவ்வாறு செய்த அவரது துணிவை, ஆசிரியத் தோழமையின் வரலாற்றிலே நாம் மறத்தலாகாது. எந்தப் பரிசுக் குழுவும் இத்தகைய சேவைக்கென ஒரு பரிசை நிறுவியதாக நாம் அறியோம்.

அவ்வாண்டு ஜனவரி மாதத்திலேதான் ஜோன் டூயியைத் தலைவராகக் கொண்டு அமெரிக்கச் சர்வகலாசாலைப் பேராசிரியர் சங்கம் தோன்றியிருந்தது. அது தன் தொடக்க விசாரணைகளுள் ஒன்றாக நியரிங்கின் வழக்கை எடுத்துக்கொண்டது. டிசம்பரில் அச்சங்கம் வெளியிட்ட கொள்கைப் பிரகடனம், ஆசிரியர் தருமகர்த்தாக்களின் கூலியாட்கள் அல்லர் என்ற கருத்தை நிலைநாட்ட முயன்றது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1940இல், கல்லூரிகளின் சங்கத்தோடு சேர்ந்து அது இணங்கிய கூற்றிலே, தகுதிகாண் காலம் ஏழாண்டுக்கு மேற்படலாகாது, அதன்பின் தக்க காரணமும் விசாரணையுமின்றி ஆசிரியரை நீக்கலாகாது என்னும் நெறி எழுத்தில் வந்தது. இதனை எந்தப் பால் கம்பனியும் நன்கொடையாகத் தரவில்லை. ஆசிரியர் தாமாகவே கூடிக் கேட்டுப் பெற்றது இது.

நியரிங்கின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகவே கூறுகின்றோம். ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரச் சர்வகலாசாலை அவரை ஏற்றுக்கொண்டது. யுத்தத்தை எதிர்த்தமைக்காக 1917இல் அதுவும் வெளியேற்றியது. அவர் எழுதிய யுத்த எதிர்ப்புப் பிரசுரத்துக்காக அரசாங்கம் வழக்குத் தொடர்ந்தது. 1919இல் யூரிமார் அவரைக் குற்றமற்றவரெனத் தீர்த்து, பிரசுரத்தை வெளியிட்ட சங்கத்தைக் குற்றவாளியாகக் கண்டனர்; 3,000 டொலர் அபராதம். எழுதியவன் நிரபராதி, அச்சிட்டவன் குற்றவாளி என்ற விசித்திரத் தீர்ப்பு. அவருடைய ஆசான் பற்றனும் தப்பவில்லை. 1917இல் அறுபத்தைந்து வயதை எட்டிய அவருக்கு வழக்கமான சேவை நீடிப்பு மறுக்கப்பட்டது. நியரிங் பின்னர் எந்தச் சர்வகலாசாலையிலும் நிலையான ஆசனம் பெறவில்லை. 1932இல் வேர்மொன்ட் மலைகளுக்குச் சென்று நிலத்தை உழுது வாழ்ந்தார். எழுதுவதை மட்டும் விட்டாரில்லை.

இனிப் பரிசுகள் பெருகிய காலத்துக்கு வருவோம். இளமாணி வகுப்புகளில் நன்கு போதிப்போருக்கான குவான்ரெல் பரிசைச் சிக்காகோ சர்வகலாசாலை 1938இல் நிறுவியது. அந்நாட்டில் இவ்வகையில் அதுவே மிகப் பழையதென அச்சர்வகலாசாலை உரிமை கொண்டாடுகின்றது. பேர்க்லியிற் பரிசு தொடங்கியது 1959இல். பென்சில்வேனியாவில் 1961. இக்காலப் பொருத்தம் தற்செயலானதன்று. 1957இல் சோவியத் ஸ்புட்னிக் வானிற் பறந்தபின் அமெரிக்க அரசாங்கத்தின் ஆராய்ச்சிப் பணம் சர்வகலாசாலைகளுள் வெள்ளமெனப் பாய்ந்தது. ஆராய்ச்சி மானியமும் வெளியீடுகளும் பதவியுயர்வின் அளவுகோல்களாயின. வகுப்பறை பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஊதியமும் உயர்வும் வேறிடத்துக்குச் சென்றுவிட்ட பின்னர், போதனைக்கு மிஞ்சியது பாராட்டு. எப்பணி நிறுவனத்தின் அன்றாடக் கணக்கிலே மதிப்பிழக்கின்றதோ, அப்பணிக்கே ஆண்டுக்கொரு முறை விழா எடுக்கப்படுகின்றது.

அக்காலத்தின் இன்னொரு முகமும் உண்டு. 1951இல் பென்சில்வேனியா மாநிலம் விசுவாசச் சட்டமொன்றை நிறைவேற்றி, அரச உதவி பெறும் சர்வகலாசாலைகள் தம்மிடையே 'நாசகாரர்' இல்லையென உறுதி கூற வேண்டும் என்றது. அதே பிலடெல்பியா நகரின் ரெம்பிள் சர்வகலாசாலையிலே தத்துவத்துறைத் தலைவராக இருந்தவர் பறோஸ் டன்ஹம். 1953 பெப்ரவரியில் காங்கிரசின் விசாரணைக் குழு முன்னிலையில் தம் பெயரையும் பிறந்த நாளையும் இடத்தையும் கூறிவிட்டு, அதற்குமேல் வாய்திறக்க மறுத்தார். செப்டெம்பரில் ரெம்பிள் அவரை நீக்கியது. 1955இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது; வேலையோ திரும்பவில்லை. இலிண்ட்பாக் பரிசை வழங்கும் கல்லூரிகளுள் ரெம்பிளும் ஒன்று என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். டன்ஹமைப் போன்ற ஒருவரை முன்மொழிய மாணவர் இருந்திருப்பர். முன்மொழியப்படுவதற்கு அவர்தாம் அங்கு இல்லை.

காலம் மாறியது. வியட்னாம் யுத்தத்தை எதிர்த்த மாணவர் நியரிங்கின் நூல்களைத் தேடிப் படித்தனர். 1973ஆம் ஆண்டில், மார்ட்டின் மேயர்சன் தலைவராக இருந்த காலத்தில், பென்சில்வேனியா சர்வகலாசாலை அவருக்குப் பொருளாதாரத்தில் தகைசார் ஓய்வுநிலைப் பேராசிரியர் என்னும் கௌரவப் பட்டத்தை வழங்கியது. அப்பொழுது அவருக்கு வயது எண்பத்தொன்பது. நீக்கப்பட்டு ஐம்பத்தெட்டு ஆண்டுகள். ரெம்பிளும் 1981இல் டன்ஹமுக்கு அதே பட்டத்தை வழங்கியது. அதனோடு வாழ்நாள் ஓய்வூதியமும் அளித்தது. ஓய்வூதியம் அளித்தது என்பதனால் ரெம்பிளின் பிராயச்சித்தத்தை நாம் சற்று மேலாக மதிக்கின்றோம். பட்டம் என்பது எழுத்து. ஓய்வூதியத்திலே தவற்றின் விலை சிறிதாவது செலுத்தப்பட்டிருக்கிறது.

இவற்றை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிடுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. நிறுவனமொன்று தன் பதிவேட்டில் தன் தவற்றைத் திருத்தி எழுதுவது சிறிய காரியமன்று. ஆனால் அத்திருத்தத்தால் திரும்பப் பெற முடியாத ஒன்று உண்டு. 1915 புரட்டாதியில் அவ்வகுப்பறைக்குள் வந்து அமர்ந்த மாணவர் அவ்வாசிரியரைக் கேட்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டினரும் கேட்கவில்லை. எஞ்சிய ஆசிரியரோ எதைக் கூறினால் என்ன நேரும் என்பதைக் கண்ணாற் கண்டு, அதற்கேற்பத் தம் விரிவுரைக் குறிப்புகளை ஆக்கிக்கொண்டனர். கூறாமல் விடப்பட்ட விரிவுரையை எந்தக் குழுவும் மதிப்பிட்டுப் பார்க்க இயலாது.

இன்றைய நிலையைப் பார்த்தால், 1914இல் நியரிங்குக்கு வாய்த்த ஓராண்டு நியமனம் பழங்கதையன்று. பேராசிரியர் சங்கத்தின் கணக்குப்படி, நிலையான பதவியோ அதற்கான வாய்ப்போ அற்ற ஆசிரியர் 1987இல் அமெரிக்கக் கல்லூரிகளில் 47 வீதம். 2021இல் 68 வீதம். பென்சில்வேனியாவிலும் நிலையான ஆசனமில்லாத ஆசிரியருக்கெனத் தனிப் பரிசொன்றை 1980களின் பிற்பகுதியில் புரொவோஸ்டின் பெயரால் ஏற்படுத்தினர். தகுதியுடையோரே அதனைப் பெறுகின்றனர். பரிசளிக்கத் தக்க ஆசிரியர் நிலையான நியமனத்துக்கு மட்டும் தகாதவரானது எங்ஙனம் என்ற கேள்வியைப் பாராட்டுரைகளிலே தேடுவது வீண்.

பட்டப்பின்படிப்பு மாணவராய் இருந்துகொண்டே வகுப்பு நடத்துவோருக்கும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி ஒரு பரிசு ஏற்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் அவர்கள் வேறொன்றையும் கேட்டனர்: தொழிற்சங்கம். 2003 பெப்ரவரியில் வாக்கெடுப்பும் நடந்தது. சர்வகலாசாலை மேன்முறையீடு செய்தமையால் வாக்குப் பெட்டிகள் முத்திரையிடப்பட்டன. 2004இல் தேசியத் தொழில் உறவுச் சபை, பிறவுண் சர்வகலாசாலையின் வழக்கிலே, இத்தகைய மாணவர் தொழிலாளரல்லர் என்று தீர்த்தது. அவர்கள் நன்கு போதித்தால் பரிசு உண்டு. ஆனால் போதித்தல் அவர்களுக்குத் தொழிலன்று! பென்சில்வேனியாவின் அந்த வாக்குகள் எண்ணப்படவேயில்லை. 2016இல் அச்சபை தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. 2024 மே மாதத்தில் மறுபடியும் வாக்கெடுப்பு நடந்தது. முதன்முறை வாக்களித்தோர் அப்பொழுது வேறு வேறு ஊர்களில் நடுவயதினராகிவிட்டனர். அவர்களுக்குப் பின்வந்தோர் வாக்களித்தனர். இம்முறை வாக்குகள் எண்ணப்பட்டன. சங்கம் வென்றது.